பாட்டிலில் 20 நானோமீட்டர், பீக்கரில்?

போன வாரம் இன்னொரு ரிப்போர்ட். துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள் டாப்னியாவுக்கு (நன்னீரில் வாழும் சின்ன உயிரி) எவ்வளவு நஞ்சு என்று பார்க்கும் 48 மணி நேரச் சோதனை. துகளின் அளவு 20 நானோமீட்டர் என்று எழுதியிருந்தது. யார் அளந்தது என்று கேட்டேன். "பாட்டில்லயே போட்டிருக்கே சார்!" இணைத்திருந்த போட்டோவில் பீக்கரின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது.

பொடியை எடை போட்டுக் கலக்கினால் போட்டதெல்லாம் போட்டபடியே மிதக்கும் என்ற நினைப்பை இன்னும் எத்தனை தடவைதான் திருத்துவது? இது சர்க்கரை இல்லை. டாப்னியாவின் நீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. துகள்களை விலக்கி வைக்கும் மின்னூட்டத்தை அவை அமுக்கிவிடும். பிறகு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டிதட்டி, அடியில் உட்காரும். காலையில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் போட்டீர்கள், சரி. சாயங்காலம் மேல்நீரில் எவ்வளவு இருந்தது? அதை அளக்காமல் 'பாதி உயிரிகளைக் கொல்லும் செறிவு' என்று ஒரு எண்ணைத் தருவது வெறும் ஊகம்.

இன்னொரு பக்கம், கொஞ்சம் துகள் கரைந்து துத்தநாக அயனியாகவும் போகும். கொன்றது துகளா, அயனியா? துத்தநாக உப்பை மட்டும் போட்ட ஒரு கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைக்கும் சோதனை) இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. வெள்ளித் துகள் என்றால் வெள்ளி நைட்ரேட் வையுங்கள்.

துகளைக் கலக்க உதவிய திரவத்துக்கும் தனிக் கண்ட்ரோல் வேண்டும். 2004இல் கார்பன்-60 ஃபுல்லரீன் (60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து போன்ற மூலக்கூறு) மீனின் மூளையைப் பாதிக்கிறது என்று பெரிய பரபரப்பு. 2007இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதித்தபோது, அதைக் கலக்கப் பயன்படுத்திய டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் சிதைந்து உண்டான பொருள்களே நஞ்சாக இருந்தன.

எடையை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். ஒரே எடையில் 100 நானோமீட்டருக்குப் பதில் 10 நானோமீட்டர் துகள் என்றால் எண்ணிக்கை 1000 மடங்கு, மேற்பரப்பு 10 மடங்கு. துகளின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறுவதால், நாலு கட்டி இருந்தால் சின்னதெல்லாம் மறைந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். ஆனால் உலர்த்தும்போதே ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம், ஆய்வக முடிவை ஆற்றுக்கு அப்படியே நீட்டாதீர்கள். கழிவுநீரில் வெள்ளித் துகள் பெரும்பாலும் வெள்ளி சல்ஃபைடாகிவிடும், அதன் நச்சு வெகுவாகக் குறையும்.

ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தொடக்கத்திலும் 24 மணியிலும் 48 மணியிலும் மேல்நீரில் ஒரு பிப்பெட் எடுத்து அளந்துவிட்டு அனுப்புங்கள்.