வரைபடத்துக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி?

கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையை ஒட்டி ஓக் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையன் அங்கே எதையோ புதைத்துவிட்டுப் போனான் என்று நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1930-களில் அப்படித் தோண்டியவர்களில் ஒருவர் கில்பர்ட் ஹெட்டன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். ஹெரால்டு வில்கின்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் கிட்டைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அவர் ஒரு வரைபடத்தைப் பார்த்தார். பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. தீவின் வடிவம் ஓக் தீவோடு பொருந்தியது. அதிலிருந்த குறிப்புகளை வைத்துத் தேடினால் துளையிட்ட பாறைகள் வேறு கிடைத்தன. 1937-ல் கப்பலேறி இங்கிலாந்து போய் ஆசிரியரையே நேரில் கேட்டுவிட்டார். படத்தை வரைந்தது நான்தான் என்றார் வில்கின்ஸ்.

‘இடம் அப்படியே பொருந்துகிறதே’ என்பதுதான் புதையல் வரைபடக்காரர்கள் எல்லோரும் சொல்லும் முதல் ஆதாரம். அது ஆதாரமே இல்லை. உலகத்தில் தீவுகள் ஏராளம், பாறைகள் அதைவிட ஏராளம். தேடுகிற கண்ணுக்கு ஏதாவது ஒன்று பொருந்தியே தீரும்.

அதே காலத்தில், இங்கிலாந்தில் ஹியூபர்ட் பாமர் என்ற வழக்கறிஞரிடம் அடுத்தடுத்து நான்கு ‘கிட் வரைபடங்கள்’ வந்து சேர்ந்தன. 1929-ல் தொடங்கி அவர் வாங்கிய பழைய மேசை, பெட்டிகளின் மறைவறைகளில் இருந்தவை அவை. பாமர் கொள்ளையர் பொருட்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். ஒருவருக்கு இன்ன பொருள்மீது ஆசை என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, அந்தப் பொருளே வரிசையாக வீடு தேடி வந்தால் நம் ஊர்ப் பாட்டிகூடச் சந்தேகப்படுவாள். இத்தனைக்கும் கிட் புதைத்ததற்கு ஆவணம் உள்ள புதையல், 1699-ல் நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவில் வைத்ததுதான். அதை அதிகாரிகள் அப்போதே தோண்டி எடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1701-ல் கிட்டைத் தூக்கில் போட்டார்கள்.

சரி, ஒரு வரைபடம் உண்மையா பொய்யா என்று எப்படிச் சொல்வது? புதையல் வரைபடங்களை வைத்திருப்பவர்கள் அவற்றை லேசில் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. அரிசோனாவில் தொலைந்துபோன தங்கச் சுரங்கத்துக்கு வழிகாட்டுவதாகச் சொல்லப்படும் பெரால்டா கற்கள் என்று சில பலகைக்கற்கள் உண்டு. கல்லின் வயதைச் சொல்லலாம். அதில் உளி எப்போது பட்டது என்று கார்பன் சோதனை சொல்லாது. அதனால், அக்குவேறு ஆணிவேறாகச் சோதிக்கப்பட்ட வேறொரு படத்தைப் பார்ப்போம். அது புதையலைக் காட்டும் படமல்ல, படமே புதையலாக விலைபோனது: யேல் பல்கலைக்கழகத்தின் வின்லாந்து வரைபடம்.

சுமார் 28 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம் உள்ள, கன்றுத்தோலில் செய்த ஒரு தோல்தாள். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, மேற்கே கிரீன்லாந்து, அதற்கும் மேற்கே ‘வின்லாந்து தீவு’, அதாவது வைக்கிங் கடலோடிகள் போய்ச் சேர்ந்த வட அமெரிக்கக் கரை. கொலம்பஸுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் முன்பே வரைந்தது என்றால், அமெரிக்கக் கரையைக் காட்டும் மிகப் பழைய படம் அதுதான். 1965 அக்டோபர் 11-ல், கொலம்பஸ் தினத்துக்கு முந்தைய நாளாகப் பார்த்து, யேல் அதை வெளியிட்டது.

நாம் ஒரு மனை வாங்கினால் முதலில் தாய்ப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இந்தப் படத்துக்கு அது இல்லை. 1957-ல் என்சோ ஃபெராஜோலி என்ற வியாபாரி இதை ஐரோப்பாவில் சுற்றில் விட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வேண்டாம் என்றது. லாரன்ஸ் விட்டன் என்ற அமெரிக்கப் பழம்புத்தக வியாபாரி 3,500 டாலருக்கு வாங்கினார். பால் மெல்லன் என்ற பெருஞ்செல்வர் அவரிடமிருந்து பல மடங்கு விலைக்கு வாங்கி யேலுக்குக் கொடுத்தார். இதற்குமுன் யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு விட்டனிடம் நேரான பதில் இல்லை. ஃபெராஜோலியோ, ஸ்பெயினில் சரகோசா தேவாலய நூலகத்திலிருந்து சுவடிகளைத் திருடிய வழக்கில் பின்னர் தண்டனை பெற்றார்.

ஆனாலும் அறிஞர்கள் நம்பினார்கள். காரணம், பூச்சி அரித்த ஓட்டைகள். ஓலைச்சுவடியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: புழு ஏட்டுக்கு ஏடு தனித்தனியாகத் தின்பதில்லை, ஊடுருவிக்கொண்டே போகும். அடுத்தடுத்த ஏடுகளில் ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வரைபடத்தோடு மங்கோலியர் பற்றிய ஒரு சுவடியும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டின் ஓட்டைகளும் பொருந்தவில்லை. அப்புறம் தனியாக விலைக்கு வந்த மூன்றாவது சுவடி ஒன்றை நடுவில் வைத்தபோது எல்லாம் கோடுபோல நின்றன. மூன்றும் ஒருகாலத்தில் ஒரே கட்டு என்பது உறுதியானது.

உறுதியானதுதான். ஆனால் என்ன உறுதியானது? அந்தத் தாள் அந்தக் கட்டின் முன்பக்கத்தில் இருந்தது என்பது மட்டும். அதில் அப்போது படம் இருந்ததா, வெறும் தாளாக இருந்ததா என்று புழு சொல்லாது. 2002-ல் வெளியான கார்பன் சோதனையும் இதே மாதிரிதான். கன்று உயிரோடு இருக்கும்வரை அதன் உடம்பில் கார்பன்-14 சேர்ந்துகொண்டே இருக்கும். செத்ததும் வரத்து நின்று, சுமார் 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் குறையும். எஞ்சியதை அளந்ததில் 1434 என்று வந்தது, பிழை கூடக்குறைய 11 ஆண்டு. தோல் பதினைந்தாம் நூற்றாண்டுதான். மையின் வயது வேறு விஷயம்.

அக்கால ஐரோப்பிய மையின் சேர்மானம் நம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி, கொஞ்சம் பிசின். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கலந்து காற்றுப் படப்படக் கறுக்கும். நாள்பட்டால் தோலை அரித்து, கோட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கசியும். வின்லாந்து வரைபடத்திலும் கறுப்புக் கோடு, அதன் கீழே மஞ்சள் கறை. பார்த்தால் பழைய மைதான்.

1970-களில் வால்டர் மெக்ரோன் என்ற நுண்ணோக்கி நிபுணர் அந்த மஞ்சளிலிருந்து துகள்களைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். இருந்தது அனடேஸ், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் போடும் பொருள். அதுவும் ஆலையில் செய்ததுபோல உருண்டு சீராக இருந்தது. அப்படிச் செய்யத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டில்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், 1980-களில் கலிபோர்னியாவில் தாமஸ் கேஹில் குழு துகள் கற்றையைப் பாய்ச்சி அளந்து, டைட்டானியம் வெறும் சொற்பம்தான் என்றது. டைட்டானியம் இயற்கையிலும் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில்கூட இருக்கிறது. தூசியாக ஒட்டியிருக்கலாமே?

இருவரும் பொய் சொல்லவில்லை. மெக்ரோன் ரசத்திலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தார், கேஹில் சட்டியோடு எடைபோட்டார். ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பதில். 2002-ல் லண்டனில் ராமன் முறையில் பார்த்தார்கள். நம் சர் சி. வி. ராமன் கண்டதுதான்: பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும், மாற்றம் எவ்வளவு என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கறுப்புக் கோடு வெறும் கரி, அனடேஸ் மஞ்சளில் மட்டும். கரி மை தோலை அரிக்காது, அதைச் சுற்றி மஞ்சள் கசியவும் வழியில்லை. யாரோ முதலில் மஞ்சளை இழுத்து, மேலே கறுப்பை இழுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2021-ல் யேலே முழுப் படத்தையும் எக்ஸ் கதிரால் அலசியது. டைட்டானியம் ஒரு மூலையில் அல்ல, கோடுகள் நெடுகிலும் இருந்தது. பழைய மைக்கு வேண்டிய இரும்பு மிகக் குறைவு. எனக்குப் பிடித்த ஆதாரம் இதைவிடச் சின்னது. தாளின் பின்பக்கம் ஒரு லத்தீன் குறிப்பு உண்டு. நடுச்சுவடியின் பகுதிகளை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்று பழைய காலத்தில் யாரோ எழுதிவைத்தது. அதன்மேல் டைட்டானிய மையால் திருத்தி எழுதி, வரைபடத்தைப் பற்றிய குறிப்புபோல ஆக்கியிருந்தார்கள். தெரியாமல் நேர்ந்த தவறு என்ற வாதத்துக்கு அத்தோடு இடமில்லாமல் போனது.

இடையில் ஜான் பால் ஃபிலாய்ட் என்ற ஆய்வாளர் வில்லங்கத்தையும் எடுத்துவிட்டார். அந்தச் சுவடிக்கட்டு 1892-93-ல் மாட்ரிட் கண்காட்சியில் சரகோசா தேவாலயத்தின் பொருளாக வைக்கப்பட்டிருந்தது. அப்போதைய விவரக்குறிப்பில் வரைபடம் என்ற பேச்சே இல்லை. இத்தனை கருவிகளும் வருவதற்குமுன், பழைய கண்காட்சிப் பட்டியலை யாராவது உட்கார்ந்து புரட்டியிருந்தால் 1957-லேயே விஷயம் முடிந்திருக்கும்.

தாய்ப்பத்திரம் சுத்தமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு புதையல் ஆவணம் இருக்கிறது. 1952-ல் சாக்கடல் அருகே கும்ரானின் மூன்றாம் குகையில் தொல்லியலாளர்களே எடுத்த செப்புச் சுருள். துருவேறி இறுகிப்போயிருந்ததால் விரிக்க முடியவில்லை. மான்செஸ்டரில் ரம்பத்தால் 23 துண்டுகளாக அறுத்துத்தான் படித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் புதைத்த தங்கம், வெள்ளியின் பட்டியல் அது. எங்கே, யார் கையால் எடுக்கப்பட்டது என்று தெரியும் என்பதால் சுருள் போலி என்ற சண்டையே பெரிதாக எழவில்லை. அதில் சொன்ன செல்வம் நிஜமா, யாருடையது என்பதுதான் சண்டை. 1960-களின் தொடக்கத்தில் ஜான் அல்லெக்ரோ என்ற அறிஞர் ஆட்களோடு போய் அந்த இடங்களில் சிலவற்றைத் தோண்டியும் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார். சுருள் இப்போது அம்மானில், ஜோர்டான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.