பாலினம் என்ற ஒரு கட்டத்துக்குள் எத்தனை கேள்விகள்?

பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் 'பாலினம்' என்றொரு கட்டம் இருக்கும். முன்பெல்லாம் ஆண், பெண் என்று இரண்டுதான். 2014-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில், மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு மூன்றாவது ஒன்றும் பரவலாக வந்துவிட்டது. டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்தக் கட்டம் நம் உடலைக் கேட்கிறதா, நாம் நம்மை யாராக உணர்கிறோம் என்று கேட்கிறதா, ஊர் நம்மை யாராகப் பார்க்கிறது என்று கேட்கிறதா? யாரும் சொல்வதில்லை.

தெருவில் நடப்பதும் இதேதான். ஒரு பையன் கொஞ்சம் நளினமாக நடக்கிறான் என்று வையுங்கள். அந்த நடையை மட்டும் பார்த்துவிட்டு, அவன் மனதளவில் பெண், அவனுக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு, அவன் உடம்பிலேயே ஏதோ கோளாறு என்று டீக்கடை பெஞ்சில் மூன்று முடிவுகள் எடுத்துவிடுவார்கள். நடை என்பது பாலின வெளிப்பாடு. தன்னை யாராக உணர்கிறான் என்பது பாலின அடையாளம். யார்மேல் ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. உடம்பு உடம்புதான். நாலும் நாலு கேள்வி; ஒன்றின் விடையை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இவற்றைப் பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கே நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் உடம்பு. கருவுக்கு ஆறு வாரம் ஆகும்வரை எல்லாருக்கும் ஒரே அமைப்புதான். ஆணின் விதையாகவும் பெண்ணின் சூலகமாகவும் மாறக்கூடிய ஒரு பொதுத் திசு அங்கே இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு அந்தச் சமயத்தில் விழித்துக்கொண்டால் அது விதைப் பக்கம் திரும்புகிறது. 1990-ல் லண்டன் ஆய்வாளர்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள, அதாவது பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டிய எலிக்கருவில் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆண் எலி பிறந்தது. சரி, ஒரே மரபணுவில் கதை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. விதை உருவான பிறகு அது டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வேண்டும். அந்த ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் செல்களில் வேலை செய்ய வேண்டும். பிறகுதான் வெளியுறுப்பு ஆணுடையதாக வளரும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் வேறு மாதிரி அமையலாம். ஒரு குழந்தைக்கு எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருக்கிறது, வயிற்றுக்குள் விதையும் இருக்கிறது, ஆனால் ஏற்பிகள் வேலை செய்யவில்லை. பிறக்கும்போது பார்க்கப் பெண் குழந்தைதான். பெண்ணாகவே வளர்கிறது, மார்பகமும் வளர்கிறது. பதினாறு வயதாகியும் பெண் பெரியவளாகவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது. இன்னொரு வகையில், எக்ஸ்-எக்ஸ் குழந்தையின் அட்ரினல் சுரப்பி ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து, வெளியுறுப்பு இரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோல் அமையும். இப்படிப்பட்ட உடல்வகைகளோடு பிறந்தவர்களை ஊடுபால் கொண்டவர்கள் என்கிறோம். இது உடலைப் பற்றிய சொல் மட்டுமே. ஊடுபால் நபர் ஒருவர் தன்னைப் பெண்ணாக உணரலாம், ஆணாக உணரலாம், இரண்டுமில்லாமலும் உணரலாம். பழைய தமிழ்ப் பேச்சிலும் சினிமாவிலும் 'அலி' என்ற ஒரு வசைக்குள் இவர்களையும் திருநங்கைகளையும் சேர்த்தே அடைத்துவைத்திருந்தோம். பெரும்பாலான திருநங்கைகள் பிறப்பில் வழக்கமான ஆண் உடலோடு பிறந்தவர்கள். அவர்கள் விஷயம் அடையாளம் சார்ந்தது.

இந்த வித்தியாசம் அறுவைக் கத்தி வரை போகிறது. ஊடுபால் குழந்தை பிறந்தால், 'சரிசெய்து' ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடுவது உலகெங்கும் பல பத்தாண்டுகள் நடந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைப் பருவத்தில் இந்த அறுவை சிகிச்சையைத் தடுக்கச் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசு ஆணையும் வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

அந்த அறுவை சிகிச்சைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. அதைச் சொன்னவர்தான் 'ஜெண்டர்' (பாலினம்) என்ற சொல்லையே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் என்பது இதில் உள்ள வேடிக்கை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஜான் மணி. அதுவரை பெரும்பாலும் இலக்கணத்தில் புழங்கிக்கொண்டிருந்த சொல்லை எடுத்து 1955-ல் 'பாலினப் பாத்திரம்' என்று எழுதினார். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் அதிலிருந்து 'பாலின அடையாளம்' என்பதைத் தனியாகப் பிரித்தார். குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வது முக்கியமாக வளர்ப்பினால்தான் என்பது மணியின் கட்சி.

1966-ல் கனடாவின் வின்னிபெக்கில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு முன்தோல் நீக்கும்போது விபத்து நேர்ந்து ஆணுறுப்பு கருகிப்போனது. இரட்டையரில் ஒருவன் அவன். பெற்றோர் மணியிடம் போனார்கள். விதைகளை நீக்கிப் பெண்ணாக வளர்க்கச் சொன்னார் அவர். கவுன் போட்டு, பொம்மை கொடுத்து, பெண் பெயர் வைத்து வளர்த்தார்கள். கூடவே அதே கருவறையிலிருந்து வந்த சகோதரன் ஆணாக வளர்ந்துகொண்டிருந்தான். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது என்று மணி நினைத்திருக்க வேண்டும். வெற்றி என்றே எழுதினார். பாடநூல்களும் அதை அப்படியே எடுத்துப்போட்டன. அந்தக் குழந்தையோ கவுனைக் கிழித்துக்கொண்டிருந்தது. பதினாலு வயதில் அப்பா உண்மையைச் சொன்னதும் உடனே ஆணாக வாழத் தொடங்கி டேவிட் ரைமர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1997-ல் ஆய்வாளர்கள் மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் நடந்ததை ஆய்விதழில் வெளியிட்ட பிறகுதான் மருத்துவ உலகம் விழித்தது. 2004-ல், 38 வயதில், டேவிட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒருவர் கதையை வைத்து அறிவியல் முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனால் அதே 2004-ல் இன்னோர் ஆய்வு வந்தது. அரிய பிறவிக் குறைபாட்டினால் ஆணுறுப்பு சரியாக அமையாத 16 குழந்தைகள். மரபணுவில் எல்லாரும் ஆண். 14 பேரைப் பெண்ணாக வளர்க்க முடிவு செய்திருந்தார்கள். ஆய்வுக் காலத்துக்குள் அந்த 14 பேரில் 8 பேர் தங்களை ஆண் என்று அறிவித்துவிட்டார்கள். எட்டுப் பேர் வளர்ப்பை மீறினார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு 'குரோமோசோம்தான் எல்லாம்' என்று கிளம்பிவிட வேண்டாம், மற்றவர்களும் இருக்கிறார்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் (பெண் உடலோடு பிறந்து தங்களை ஆணாக உணர்பவர்கள்) குரோமோசோம், உடல், வளர்ப்பு மூன்றும் ஒரே பக்கம் இழுத்தும் வேறு பக்கம் நிற்பவர்கள். அடையாளத்துக்கு ஒற்றைக் காரணம் எதுவும் இதுவரை பிடிபடவில்லை. வெளியிலிருந்து திணித்தால் ஒட்டாது என்பது மட்டும் பிடிபட்டிருக்கிறது.

அப்புறம் ஈர்ப்பு. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் டாக்டர் கொடுத்த பெயர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதை உருவாக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். 1868-ல் ஒரு கடிதத்தில் முதலில் எழுதினார்; மறு ஆண்டு, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கும் பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டுநூலில் அச்சேற்றினார். அதே கடிதத்தில்தான் 'ஹெட்ரோசெக்சுவல்' என்ற சொல்லும் பிறந்தது. இரண்டையுமே மருத்துவர்கள் பின்னால் நோய்ப்பட்டியலுக்கு எடுத்துப்போனார்கள். 1923-ல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, எதிர்ப்பாலார்மீதான ஈர்ப்பைக்கூட நோய்த்தன்மையுள்ள இச்சை என்றுதான் விளக்கியது. இன்று கல்யாண மண்டபத்தில் மேடையேறி நிற்கும் எல்லா ஜோடிக்கும் அன்றைய அகராதிப்படி சிகிச்சை தேவை!

1948-ல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி பூஜ்யம் முதல் ஆறு வரை ஓர் அளவுகோல் வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு கூடை இல்லை, நடுவிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டினார். அந்த அளவுகோலிலும் ஓட்டை உண்டு. ஈர்ப்பு, நடத்தை, தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் மூன்று மாதிரி இருக்கும். எய்ட்ஸ் தடுப்புப் பணிக்குத் தமிழ்நாட்டில் இறங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'நீங்கள் ஓரினச்சேர்க்கையாளரா?' என்று ஒருவரிடம் கேட்டால் இல்லை என்பார். மனைவி, குழந்தைகள் இருப்பார்கள். ஆண்களோடும் உறவு இருக்கும். களத்தில் கோத்தி (பெண்மை கலந்த நடையுள்ள ஆண்), பந்தி (அவருடைய ஆண் இணை), டபுள் டெக்கர் (உறவில் இரு பாத்திரமும் ஏற்பவர்) என்று வேறொரு சொல்வரிசையே புழங்கியது. அதனால்தான் பொதுச் சுகாதாரத் துறை அடையாளத்தை விட்டுவிட்டு, 'ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்' என்று நடத்தையை மட்டும் சொல்லும் ஒரு பெயருக்குப் போனது. தமிழில் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லை இன்று பலரும் விரும்புவதும் இதனால்தான். 'சேர்க்கை' செயலைச் சொல்கிறது. யாரோடும் சேராத ஒருவருக்கும் ஈர்ப்பு இருக்கும்.

ஈர்ப்புக்கு மரபணு உண்டா? 2019-ல் சுமார் 4.8 லட்சம் பேரின் மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வில் 'அந்த ஒரு மரபணு' கிடைக்கவில்லை. குறிப்பிட்டுச் சொல்லும்படி ஐந்து இடங்கள் கிடைத்தன; அவற்றின் பங்கு மிகச் சொற்பம். பொதுவாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும், தன்பால் உறவு நடத்தையில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 8 முதல் 25 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. அண்ணன்கள் அதிகமுள்ள ஆண்களுக்குத் தன்பாலீர்ப்பு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்குமுறையில் சண்டையும் உண்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு திருநங்கைக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு. அவர் தன்பாலீர்ப்பாளரா? பழைய மருத்துவ நூல்கள் ஆம் என்றன. பிறப்பில் பதிந்த பாலை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இன்று அவருடைய பாலின அடையாளத்தை வைத்துப் போடுகிறோம். அவர் பெண், ஈர்ப்பு ஆண்மேல், எனவே எதிர்ப்பாலீர்ப்பு. பெண்கள்மேல் ஈர்ப்புள்ள திருநங்கையும் உண்டு, அவர் தன்பாலீர்ப்பாளர்.

'அடையாளத்தை வைத்துக் கணக்குப் போடுவது' மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சொல்பவர்கள் நன்னூலைத் திறந்து பார்க்கலாம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவருக்கு ஓர் இலக்கணச் சிக்கல்: ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத 'பேடு'க்கு எந்த விகுதி போடுவது? பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால் என்று முடித்துவிட்டார். எங்கே போக விரும்புகிறார் என்பதே விதி. அதே சூத்திரத்தின் கடைசியில் இரண்டும் அஃறிணை போலவும் வரும் என்று ஒரு வாலும் உண்டு என்பதால், முன்னோர் எல்லாம் முற்போக்காளர்கள் என்று மார்தட்டவும் வழியில்லை.

தமிழில் தன்மை இடத்துக்குப் பால் கிடையாது என்பதையும் கவனியுங்கள். இந்திக்காரர் 'நான் போகிறேன்' என்று சொல்ல வேண்டுமானால் 'ஜாதா' என்பதா 'ஜாதீ' என்பதா என்று தன் பாலை அறிவித்தே ஆக வேண்டும். நாம் 'போகிறேன்' என்றால் போதும். நம்மைப் பற்றி மூன்றாம் மனிதர் பேசும்போதுதான் போனான், போனாள் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயும் 'அவர் போனார்' என்ற வசதி இருப்பதால், ஆங்கிலத்தில் ஒருமைக்கு எந்தப் பிரதிப்பெயர் என்று நடக்கும் சண்டையில் பாதி நமக்கு இல்லை.

வேறு சண்டைகள் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1990-ல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற, அந்தப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில், திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோருக்கான பொதுப்பெயர்) தொடர்பான குறியீட்டை மனநோய் அத்தியாயத்திலிருந்து பாலியல் நலம் என்ற அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். முழுதாக நீக்காமல் ஏன் மாற்றினார்கள்? குறியீடே இல்லாவிட்டால் ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டில் பணம் வாங்க முடியாத நாடுகள் பல. நோயில்லை என்று சொல்லவும் வேண்டும், சிகிச்சைக்கு வழியும் வேண்டும். அதற்குத்தான் அந்த இடமாற்றம். தமிழகத்திலோ சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வந்தது. பால்புதுமையர் (ஆங்கிலத்தில் 'குயர்'), ஊடுபால் எல்லாம் அரசாங்கத் தமிழாகிவிட்டன. திருநர் அல்லாதவரைக் குறிக்க 'சிஸ்' என்கிறார்கள். லத்தீனில் 'இந்தப் பக்கம்', வேதியியல் படித்தவர்களுக்குப் பழகிய முன்னொட்டு.

அரசிதழால் தீராத இடம் வீடு. நம் உறவுப்பெயர்களில் பிள்ளை, குழந்தை, பேரப்பிள்ளை போலச் சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் பாலைச் சுமப்பவை. ஒருவர் திருநம்பி என்று வீட்டில் சொன்னதும் அண்ணன் பிள்ளைக்கு அத்தையாக இருந்தவர் சித்தப்பா ஆக வேண்டும். அக்கா பிள்ளைக்குச் சித்தியாக இருந்தவர் மாமா ஆக வேண்டும். ஆணுமில்லை பெண்ணுமில்லை என்பவருக்கு இரண்டுமே பொருந்தாது. நண்பர்கள் வட்டத்தில் 'தோழர்' வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே அவர் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் தானாகத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.