புகை குறைந்தால் துகளும் குறைந்துவிடுமா?

"ஒரு பாட்டில் ஊத்துங்க அண்ணாச்சி, புகையே வராது" என்று சொல்லி விற்கும் டீசல் மருந்துகளில் சில, சொன்னபடியே புகையைக் குறைக்கும். பாட்டிலில் சீரியம் என்ற உலோகமோ, ஃபெரோசீன் என்ற சேர்மத்தின் வடிவில் இரும்போ, மாங்கனீஸோ இருந்தால்தான் சிக்கல்.

டீசல் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். சீரியமோ இரும்போ அதில் ஒட்டிக்கொண்டால் 450 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளும். கரி எரிந்து போய்விடும்; உலோகம் எரியாது. ஆக்சைடு தூளாக எங்காவது போய்த்தான் ஆகவேண்டும்.

புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இல்லாத பழைய வண்டி என்றால் அது நேரே சைலன்சர் வழியாகத் தெருவுக்கு வரும். ஒட்டிக்கொள்ளக் கரி குறைவாக இருந்தால், உலோக ஆவி தனியாகவே 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக உறையும். அதனால் மொத்த எடை குறைந்தாலும் எண்ணிக்கை கூடலாம். இந்த அளவுத் துகள் நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கும். நெல்லை வண்ணார்பேட்டை சிக்னலில் பின்னால் பைக்கில் நிற்பவருக்கு அது கண்ணில் படாது. புகைச் சான்றிதழ் தரும் மீட்டரும் ஒளி எவ்வளவு மறைகிறது என்று மட்டும் பார்ப்பதால் அதைக் கிட்டத்தட்டத் தவறவிடும். பிஎஸ்-6 விதி டீசல் கார்களுக்கு எடை வரம்போடு (கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம்) எண்ணிக்கை வரம்பையும் (60,000 கோடி துகள்) வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஃபில்டர் உள்ள வண்டியில் உலோகம் உள்ளேயே தங்கும். ஒரு கணக்கு: 50 லிட்டர் டீசல் சுமார் 41.5 கிலோ. அதில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இரும்பு என்றால் 0.83 கிராம்; ஆக்சைடானால் 1.2 கிராம். நூறு டேங்க் போட்டால் 120 கிராம் சாம்பல். இன்ஜின் ஆயிலின் சாம்பல் இது போகத் தனி. 2000-இல் பியூஜோ 607 கார் சீரியம் கலந்த மருந்தோடுதான் டிபிஎஃப்பைக் கொண்டுவந்தது. மருந்துக்குத் தனி டேங்க், அளந்து விடும் பம்ப் எல்லாம் இருந்தும், 80,000 கிலோமீட்டரில் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கடை பாட்டிலுக்கு அந்த அளவுக் கட்டுப்பாடு கிடையாது.

ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது) முடிந்த கையோடு ஸ்கேனரில் டிஃப்பரன்ஷியல் பிரஷர், அதாவது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாம்பல். மறுபடி மறுபடி ரீஜென் போட்டால் டீசல் போய் இன்ஜின் ஆயிலில் இறங்கி டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும், அவ்வளவுதான். ஃபில்டரைத் திறந்த வெளியில் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். அந்தத் தூளும் உலோகம்தான்.

கரும்புகைக்குக் காரணம் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. ஆடிக் காற்றில் பணகுடி, திசையன்விளைப் பக்கம் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர், கம்பெனி சொன்ன கெடு வரை தாங்காது. முதலில் அதைக் கழற்றுங்கள். அடுத்தது இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிரவைப்பது) ஹோஸ்: கிளாம்ப் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருந்தால் அங்கே காற்று கசியலாம். பிறகு புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு. கடைசியாக இன்ஜெக்டர் பேக்லீக், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசலின் அளவு.

டவுனுக்கும் பாளைக்கும் மட்டுமே ஓடும் பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பாட்டில் தேடவேண்டாம். நாங்குநேரி வரை நான்குவழிச் சாலையில் 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் சீராக ஓட்டுங்கள், இடையில் இன்ஜினை அணைக்காமல். விளக்கு சிமிட்டினாலோ பிக்கப் குறைந்தாலோ ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.

சீட்டேன் (டீசல் எளிதில் பற்றும் தன்மை) கூட்டும் மருந்து, இன்ஜெக்டர் கிளீனர் வகைகளில் பெரும்பாலும் உலோகம் இருக்காது. லேபிளில் சேர்மானம் போடாத பாட்டிலை வாங்காதீர்கள்.