டாட் டிஇ: ஜெர்மனியின் இணையப் பெயர்களைக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் விதம்

ஜெர்மனியில் இணையதளம் வைத்திருப்பவர் டோர்ட்மண்டில் மளிகைக் கடை நடத்தும் ஈழத்தமிழராக இருக்கலாம், கார் தயாரிக்கும் பெருநிறுவனமாகவும் இருக்கலாம். இருவருடைய இணைய முகவரியும் பெரும்பாலும் ‘டாட் டிஇ’ (.de) என்றுதான் முடியும். அந்த முடிவுக்கு முன்னால் வரும் டொமைன் பெயரை இருவருக்கும் ஒதுக்கித் தருவது அரசுத் துறையும் அல்ல, இலாபத்துக்காக நடக்கும் கம்பெனியும் அல்ல. பிராங்க்பர்ட் நகரிலிருந்து இயங்கும் ‘டெனிக்’ என்ற பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கம்தான் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. நாடுகளுக்குரிய டொமைன்களில் உலகின் மிகப் பெரிய பதிவேடுகளில் ஒன்று இது.

டாட் டிஇ 1986 நவம்பர் 5 அன்று உருவானது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு 1988இல் டோர்ட்மண்ட் பல்கலைக்கழகத்துக்கும், 1994இல் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தின் கணினி மையத்துக்கும் சென்றது. வணிக நிறுவனங்கள் பெருமளவில் பெயர் கேட்டு வரத் தொடங்கியபின், ஒரு பல்கலைக்கழகம் அதைத் தாங்கிக்கொண்டிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. பெரிய நிறுவனம் ஒன்றின் கையில் அதை விட்டுவிடப் போட்டியாளர்களுக்கு மனமில்லை. அதனால் 37 இணையச் சேவை நிறுவனங்கள் சேர்ந்து, 1996 டிசம்பர் 17 அன்று, இலாப நோக்கமற்ற கூட்டுறவுச் சங்கமாக டெனிக்கைத் தொடங்கின. உறுப்பினர் எண்ணிக்கை பின்னாளில் ஏறத்தாழ 300 ஆக வளர்ந்தது.

கூட்டுறவு என்ற வடிவம் இங்கே வெறும் பெயருக்கு அல்ல. லட்சக்கணக்கான பெயர்களை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கும் சில நூறு பெயர்களை மட்டும் கையாளும் சிறு நிறுவனத்துக்கும் பொதுப்பேரவையில் ஒரே ஒரு வாக்குதான். பேரவை மேற்பார்வைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது, அக்குழு நிர்வாகிகளைக் கண்காணிக்கிறது, ஜெர்மன் கூட்டுறவுச் சட்டப்படி தணிக்கைச் சங்கம் ஒன்று கணக்கைக் கட்டாயமாகச் சோதிக்கிறது. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு பங்கு வாங்கி வாக்களித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. தோன்றாததற்குக் காரணமும் உண்டு. ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்துதான் சென்னை மாகாண அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் தமது அறிக்கையை இரு தொகுதிகளாக அளித்தார். அதன் தடத்தில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் சங்கமும் பதிவாயிற்று. நமக்கு அறிமுகமான அந்த மரபின் மற்றொரு கிளைதான் டெனிக்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேரவையில் வாக்குரிமை உள்ளவை பெயர்களை நிர்வகிக்கும் நிறுவனங்களே. பெயரை வைத்திருக்கும் கடைக்காரருக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ அங்கே வாக்கு கிடையாது. இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். பெயர் வைத்திருப்பவரின் பாதுகாப்பு வாக்கில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இணையதளத்தைத் தன் கணினிகளில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் தளத்தில் பணம் கட்டிப் பெயர் வாங்குவதால், ஒப்பந்தமும் அந்த நிறுவனத்தோடுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். டாட் டிஇ விஷயத்தில் அது சரியல்ல. பெயருக்கான ஒப்பந்தம் டெனிக்குக்கும் உரிமையாளராகப் பதிவானவருக்கும் இடையே நேரடியாக ஏற்படுகிறது. ஹோஸ்டிங் நிறுவனம் இடையில் நின்று விண்ணப்பத்தை அனுப்புகிறது, கட்டணத்தைச் செலுத்துகிறது, அவ்வளவே. உரிமையாளர் எந்த நேரமும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், டெனிக்கோ தக்க காரணம் இருந்தால் மட்டுமே முடிக்க முடியும். இந்த ஒப்பந்தத்தால் கிடைக்கும் பயன்பாட்டு உரிமை அரசியல் சட்டம் காக்கும் சொத்துரிமைக்குள் அடங்கும் என்று ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 2004இல் கூறியது. மாதக் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு என்பதால் அந்த உரிமையை அற்பமாக எண்ணிவிடக் கூடாது.

பெயர் ஒதுக்கும் விதி எளிமையானது: முதலில் கேட்டவருக்கே பெயர். கேட்பவருக்கு அந்தப் பெயர்மேல் உரிமை உண்டா, அது இன்னொருவரின் வணிகச் சின்னமா என்றெல்லாம் டெனிக் சோதிப்பதில்லை. அப்படிச் சோதிக்கும் பொதுக் கடமை அதற்கு இல்லை என்றும், உரிமை மீறல் பார்த்த மாத்திரத்தில் ஐயமின்றித் தெரியும்போது மட்டுமே அது தலையிட வேண்டும் என்றும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. உரிமை கொண்டாடுபவர் வழக்குமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கிடையில் பெயர் கைமாறிவிடாமல் இருக்க ‘டிஸ்பியூட்’ என்ற தடைக் குறிப்பைப் பதியுமாறு அவர் டெனிக்கிடம் கேட்கலாம். அது ஓராண்டு செல்லும், நீட்டிக்கவும் முடியும். குறிப்பு இருக்கும்வரை இப்போதைய உரிமையாளர் பெயரைப் பயன்படுத்தலாம், ஆனால் மூன்றாமவருக்கு மாற்றித் தர முடியாது. பெயர் விடுபட்டால் குறிப்பைப் பதிந்தவருக்கே அது போய்ச் சேரும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஷெல் எண்ணெய் நிறுவனம், அதே குடும்பப் பெயர் கொண்ட தனிமனிதர் ஒருவரிடமிருந்து பெயரைக் கோரிய வழக்கில், பெயரை விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாம், தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2001 இறுதியில் கூறியது. வழக்கில் வென்றும் பெயரை வேறொருவரிடம் பறிகொடுக்கும் அபாயத்தை இந்தக் குறிப்பு நீக்குகிறது.

சங்கத்தின் விதிகளும் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவையே. மிகக் குறுகிய பெயர்களை டெனிக் நெடுங்காலம் மறுத்துவந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் இரண்டெழுத்துப் பெயருக்காக வழக்குத் தொடர்ந்து 2008இல் பிராங்க்பர்ட் உயர் நீதிமன்றத்தில் வென்றபின், 2009 அக்டோபர் 23 முதல் ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்களும் எண்கள் மட்டுமே கொண்ட பெயர்களும் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. தமிழ் எழுத்தில் டாட் டிஇ பெயர் பதிய வழியில்லை. லத்தீன் வரிசையைச் சேர்ந்த எழுத்துகளே அனுமதிக்கப்படுகின்றன.

பதிவேட்டை வைத்திருப்பதோடு டெனிக்கின் வேலை முடிவதில்லை. எந்தப் பெயர் எந்தச் சர்வரில் உள்ளது என்று உலகத்துக்கு விடை சொல்லும் நேம்சர்வர்களையும் அதுவே பல நாடுகளில் நிறுவி இயக்குகிறது. அந்த விடை தவறினால் என்ன ஆகும் என்பதை 2010 மே 12 பிற்பகல் காட்டியது. முழுமையடையாத தரவுக் கோப்பு ஒன்று பெரும்பாலான நேம்சர்வர் நிலையங்களுக்குப் பரவிவிட்டது. ‘பதில் கிடைக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் கேட்ட கணினி வேறு நிலையத்தை நாடியிருக்கும். அவையோ ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று உறுதியாகப் பதில் தந்தன. ஏராளமான தளங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் திறக்கவில்லை, மின்னஞ்சல்கள் அனுப்பியவருக்கே திரும்பின.

பெயர் வைத்திருப்பவர் அன்றாடம் எதிர்கொள்ளக்கூடியது ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும் வேலை. பழைய நிறுவனத்திடம் ‘ஆத்இன்ஃபோ’ என்ற கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் மாற்றம் உடனே நடக்கும். பழைய நிறுவனம் இழுத்தடித்தாலோ மூடிப்போயிருந்தாலோ, புதிய நிறுவனத்தின் வழியாக டெனிக்கிடமே கேட்கலாம். அது கடவுச்சொல்லை உருவாக்கி, உரிமையாளரின் பதிவு முகவரிக்குத் தபாலில் அனுப்பும். நிறுவனம் பெயரைக் கைவிட்டுவிட்டாலும், டெனிக் பெயரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கும். தவறுதலாக அழிந்த பெயரை 30 நாட்களுக்குள் கடைசி உரிமையாளர் மட்டும் மீட்கலாம் என்ற ஏற்பாடு 2013 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தபின், டெனிக் தளத்தில் ஒரு பெயரைத் தேடினால் வெளியாருக்குத் தனிமனிதரான உரிமையாளரின் விவரம் தெரிவதில்லை. பதிவாகிச் செயல்படும் பெயராயின் ‘கனெக்ட்’ என்ற நிலையும் சில தொழில்நுட்ப விவரங்களும் வரும். ஆகவே உரிமையாளர் என்ற இடத்தில் தம் பெயர் உள்ளதா, இணையதளம் வடிவமைத்துத் தந்தவரின் பெயர் உள்ளதா என்பதை ஹோஸ்டிங் கணக்கினுள் நுழைந்து பார்த்துக்கொள்வது அவசியம். பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சங்கங்கள் அங்குள்ள தபால் முகவரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், டெனிக்கின் கடிதம் அந்த வீட்டுக்குத்தான் வரும்.