மட்டப்பாவைப் பிரிக்கும் முன் கட்டை நுனியைக் குத்திப் பாருங்கள்

மதுரை செல்லூர்ப் பக்கம், தாத்தா காலத்து மட்டப்பா வீடு. மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட தட்டைக் கூரைதான் மட்டப்பா. "சார், கட்டை நாலஞ்சுதான் உளுத்திருக்கு. நானும் மச்சானும் ஞாயித்துக்கிழமை பிரிச்சுட்டு இரும்பு பைப் வச்சுரலாம்னு இருக்கோம். என்ன சைஸுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர். முதலில் ஓர் ஏணி கேட்டேன்.

பெயிண்ட் அடித்த தேக்குக் கட்டைகள். நடுவில் தட்டினால் கணீரென்று கேட்டது. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. இழுத்தால் காபித்தூள் மாதிரி கொட்டியது. 12 கட்டையில் 7 அப்படி. மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் தேங்கும் மழைத்தண்ணீர் விரிசல் வழியே சுவருக்குள் இறங்கும். அறைக்குள் தெரியும் பகுதி காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும், சுவருக்குள் இருக்கும் நுனி காயாது. கரையானும் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும். அதனால் அண்ணாந்து பார்த்து எத்தனை கட்டை கெட்டிருக்கிறது என்று எண்ணுவது வீண்.

அடுத்தது எடை. குத்துக்கல்லாக வைத்த செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை, அதற்கு மேல் தட்டோடு. எல்லாம் சேர்ந்து 7 அங்குலம் என்றால் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ வரும். 10க்கு 10 அறையின் கூரை 3 டன். குட்டியானை வண்டியில் நாலு நடை! அந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கின்றன. ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது சொல்லாமல் வரும். புதுக்கூரை போடுவதைவிடப் பழசைப் பிரிப்பதில்தான் ஆள் விழுகிறது.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்றால் கடப்பாரையை எடுப்பதற்கு முன் கூரையைத் தாங்கும் இரும்பு முட்டான ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள். எல்லாக் கட்டைக்கும் குறுக்கே, இரண்டு சுவரையும் ஒட்டினாற்போல் மரச்சட்டம் கொடுத்து, கீழே பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். மேலே நிற்பவர் நாலைந்து கட்டைகளுக்குக் குறுக்கே போட்ட பலகையில்தான் நிற்க வேண்டும். கொத்திய காரையை மாடியிலேயே குவிக்கிறார்கள் பாருங்கள், நான் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். உளுத்த கட்டைமேல் இன்னும் அரை டன் ஏற்றுவானேன்? சட்டி சட்டியாக உடனே இறக்கிவிடுங்கள். வேலை நடக்கும்போது கீழ் அறையில் யாரும் இருக்கக் கூடாது, டீ கொண்டு வருபவர் உட்பட.

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பல வீடுகளுக்குப் பொதுச்சுவர்தான். உங்கள் கட்டை உட்கார்ந்திருக்கும் அதே சுவரில் அடுத்த வீட்டுக் கட்டையும் உட்கார்ந்திருக்கும். நெம்பி உருவினால் அவர்கள் கூரையும் ஆடும். சுவரோரமாக அறுத்துவிட்டு, நுனியை அப்புறம் நிதானமாகக் கொத்தி எடுங்கள். சுவர் மண் சாந்தில் கட்டியதா என்றும் பாருங்கள். கூரை இல்லாமல் அது ஒரு நல்ல மழையைத் தாங்காது. ஐப்பசியில் ஆரம்பிக்காமல் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பைப்பை நேராகப் பழைய செங்கல்மேல் உட்கார வைக்க வேண்டாம், அடியில் எடையைப் பரப்பிக் கொடுக்கும் கான்கிரீட் கட்டி, அதாவது பெட் பிளாக், வேண்டும். தகர ஷீட் போடுபவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். பழைய கூரை தன் எடையாலேயே இருந்த இடத்தில் இருந்தது. ஷீட்டுக்கு அந்த எடை கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பைப்பைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்காவிட்டால் ஷீட் எம்மாத்திரம்? சீமை ஓட்டு வீட்டில் உடைந்த ஓடும், ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பர் நாலும் மாற்றுவதென்றால் கைப்பழக்கம் உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் மேலே ஏறாதீர்கள், மிஷின் வைத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

செல்லூர்க்காரருக்கு மூன்று வாரம் ஆனது. மச்சானோடு நாலு ஆள் கூடுதலாக வந்தார்கள். உளுத்த நுனிகளை அறுத்துத் தள்ளியது போக மிஞ்சிய தேக்கில் வாசலுக்குப் புது நிலை செய்துவிட்டார்.