எந்த ஊரு நீங்க?

கும்பகோணத்தில் ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரிசி ஆலை, நிதி நிறுவனக் கிளை என்று யாருக்கு ஆள் வேண்டுமென்றாலும் வருகிற விண்ணப்பங்களை முதலில் புரட்டுகிறவன் நான். முகூர்த்த மாதங்கள் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு வகை விண்ணப்பம் கூடுதலாக வரும். கோவையிலோ திருப்பூரிலோ சென்னையிலோ நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பெண்களுடையது. படிப்பு இருக்கும், அனுபவம் இருக்கும். ஆனால் ஆறு மாதம் ஆகியும் ஓர் அழைப்பு வந்திருக்காது.

அப்படி ஒருவர் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியாரோடு வந்தார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாற்பது இடத்துக்குமேல் விண்ணப்பம் போட்டாயிற்றாம். "இங்க இருக்கிறவங்களுக்கு என் படிப்பு போதலையா சார்?" என்றார். மாமியார் குறுக்கே புகுந்து, "கவர்மெண்ட் வேலைக்கே எழுதச் சொல்லுங்க சார், இதெல்லாம் எதுக்கு?" என்றார். எழுதட்டும், தப்பில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகவே வகுப்பு எடுக்கிறார்கள். ஆனால் தேர்வு முடிவு வரும்வரை வீட்டுச் செலவு காத்திருக்காதே.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே திருப்பூர் முகவரி. அடுத்து, சவாலான சூழலில் திறமையை வெளிப்படுத்த விரும்புவதாக ஒரு வாக்கியம். (இந்த வாக்கியத்தை எழுதாத விண்ணப்பத்தைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடலாம் போலிருக்கிறது.) மன்னார்குடி என்ற பெயரே அதில் எங்கும் இல்லை.

டெல்டாவில் ஒரு முதலாளி ஆளைப் பார்த்ததும் கேட்பது, "எந்த ஊரு நீங்க?" அடுத்தது, "யாரு வீடு?" புதிதாக வந்தவர்களுக்கு இது வம்பு மாதிரி படும். சில சமயம் வம்புதான். சாதியை முகர்ந்து பார்க்கிற கேள்வியாகவும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அதற்குள் இருப்பது ஒரு பயம். திருவாரூர்ப் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் இதே பெண்ணைப் பற்றி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நல்ல பொண்ணுதான். ஆனா தை அறுப்பு நேரத்துல மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா, நான் யாரைத் தேடுறது?"

படிப்பில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்குவாரா என்பதுதான் சந்தேகம். அதை அவராகக் கேட்க மாட்டார். விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

ஆகவே அந்த விண்ணப்பத்தை மாற்றினோம். முதல் வரியில் மன்னார்குடி முகவரி. "திருமணமாகி இங்கேயே குடியிருக்கிறேன், கணவர் உள்ளூரில் தொழில் செய்கிறார்" என்று இரண்டாவது வரி. வீட்டிலிருந்து எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு வந்து சேர முடியும் என்பதுகூட எழுதச் சொன்னேன். சிரித்தார். எழுதினார்.

அனுபவத்தையும் இந்த ஊர் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. மெர்ச்சண்டைசர் என்றால் இங்கே யாருக்குப் புரியும்? "சரக்கு வாங்குகிறவரோடு பேசி, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்கி, சரக்கு தேதிக்குள் கிளம்புகிறதா என்று துரத்தும் வேலை" என்று எழுதினோம். அரிசி ஆலை அலுவலகத்திலும் அதுதானே நடக்கிறது? சாம்பிள் அரிசி போகும், வியாபாரி விலை பேசுவார், லாரி வரும், சரக்கு போக ஈ-வே பில் போடவேண்டும், பணம் வரும்வரை போன் அடிக்கவேண்டும். அந்த ஆலைக்காரரே வேலைக்கு எடுத்தார். திருப்பூர் சம்பளம் கிடைக்கவில்லை, குறைவுதான். முதல் அறுவடை தாண்டியதும் உயர்த்துவதாகப் பேசிக்கொண்டு சேர்ந்தார்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். பெரிய ஆலைகள் இங்கே எப்போதுமே குறைவு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்றவை புதிதாக வர வழியில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. தஞ்சாவூரில் 2024-ல் டைடல் நியோ பூங்கா திறந்ததில் ஐ.டி. படித்தவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை. மற்றபடி இங்கே வேலைக்கும் பருவம் உண்டு, பயிருக்கு இருப்பதுபோல. பள்ளிகள் சித்திரை, வைகாசியில் ஆள் தேடும். ஜவுளிக்கடைகள் ஆடியில் தொடங்கித் தீபாவளி வரை. ஆலைகளுக்குச் சம்பா அறுவடையை ஒட்டி. மருத்துவமனைகள் வருடம் முழுக்க. பாதி வேலைகள் இணையத்துக்கே வராது; கடைக் கண்ணாடியில் "ஆட்கள் தேவை" என்று ஒட்டியிருக்கும், இல்லையென்றால் யாராவது யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். இணையத்தில் மட்டும் தேடிவிட்டு இந்த ஊரில் வேலையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

காகித விஷயம் இரண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் பிறந்த மாவட்டத்திலேயே விட்டுவிட்டு இங்கே புதிதாகப் பதியாதீர்கள். பழைய பதிவையே இந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். அடுத்தது பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி. கல்யாணச் செலவுக்கென்று, வேலையை விட்டதும் அந்தப் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள். 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும். பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண் வாழ்நாளுக்கும் ஒன்றுதான். அதையே புது முதலாளியிடம் கொடுங்கள்.

மூலச் சான்றிதழ் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நானும் வெளியூரிலிருந்து வந்தவன்தான். முதல் வேலையில் "சும்மா ஃபைல்ல இருக்கட்டும் தம்பி" என்று என் பட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகும்போது திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தேன். அதற்குள் கையில் இருந்த இன்னொரு நல்ல வேலை போய்விட்டது. ஊர் புதிது, துணைக்கு வந்து பேச ஆளில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நேரில் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றால், அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடுங்கள்.