ஹேண்ட்பால்: கைப்பந்து அல்ல, கைக்குத்து

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது, பந்தைக் கையால் சக ஆட்டக்காரருக்கு அனுப்புவதைக் குறிக்கும் ஹேண்ட்பால் என்ற சொல்லில்தான். சொல்லுக்குச் சொல் மாற்றினால் கைப்பந்து. ஆனால் தமிழ்நாட்டில் கைப்பந்து என்றால் வாலிபால். இலங்கையில் அதற்குக் கரப்பந்து என்று பெயர். சரி, எறிபந்து என்று போடலாமா? அது பள்ளிகளில் ஆடும் த்ரோபால். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஆட்டத்தில் பந்தை எறிவதே குற்றம். எறிபந்து என்று மொழிபெயர்த்தால் விதியையே மீறியதாகிவிடும்.

முதலில் செயலைப் பார்ப்போம். முட்டை வடிவப் பந்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையின் விரல்களை மடக்கி, அந்த முட்டியால் பந்தைக் குத்திச் சக ஆட்டக்காரருக்கு அனுப்ப வேண்டும். வாலிபாலில் கையைக் கீழிருந்து வீசிப் போடும் சர்வீஸ் ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதேதான். ஒரு வேறுபாடு: அங்கே பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டு அடிக்க வேண்டும், இங்கே குத்து விழும்வரை பந்து ஏந்திய கையிலேயே இருக்க வேண்டும். தூக்கிப் போட்டுக் குத்தினாலோ, ஏந்திய கையால் வீசினாலோ அது எறிதல். நடுவர் விசில் ஊதுவார், எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

ஹேண்ட்பால் இந்த ஆட்டத்துக்காகப் பிறந்த சொல் அல்ல. பந்தைக் கையால் சுவரில் அடித்து ஆடும் பழைய விளையாட்டு ஒன்றுக்கு அந்தப் பெயர் உண்டு. அயர்லாந்தில் இன்றும் அதை ஆடுகிறார்கள். மெல்பர்னில் 1859-இல் டாம் வில்ஸ் உள்ளிட்ட சிலர் கூடி இந்தக் கால்பந்துக்குப் பத்து விதிகள் எழுதினார்கள். ஆட்டத்திலிருக்கும் பந்தை எக்காரணம் கொண்டும் எறியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கையில் பந்து இருக்கிறது, எறியவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? உதைக்கலாம், இல்லையென்றால் குத்தலாம். இடையில் திறந்த உள்ளங்கையால் தட்டிவிடும் பழக்கமும் இருந்தது. எறிதலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் போனதால் அதற்குத் தடை வந்தது. கடைசியில் முட்டிதான் நின்றது.

ஆனாலும் வெகுகாலம் ஹேண்ட்பால் என்பது வேறு வழியில்லாதவன் செய்யும் வேலையாகத்தான் கருதப்பட்டது. நாலு பேர் வந்து அமுக்குகிறார்கள், உதைக்கக் காலைத் தூக்க இடமில்லை, அப்போது பக்கத்திலிருப்பவனிடம் பந்தைத் தள்ளிவிட்டுத் தப்பிப்பது. அந்தச் சொல்லுக்குத் தாக்குதல் என்ற பொருளை ஏற்றியவர் என்று பெரும்பாலோர் சொல்வது ஒரே ஒரு பெயரைத்தான்: கிரஹாம் ஃபார்மர். ஊரார் வாயில் பாலி ஃபார்மர். சிறுவயதில் கிளிபோல ஓயாமல் பேசியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

1935-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், நூங்கார் பழங்குடி வழியில் வந்தவர். பெர்த் நகரின் சிஸ்டர் கேட்ஸ் விடுதியில் வளர்ந்தார். பழங்குடிப் பிள்ளைகள் பலரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்த்த விடுதிகளில் அதுவும் ஒன்று. போலியோவால் ஒரு கால் சற்றுக் குட்டை. அந்தக் காலோடுதான் ரக்மேன் ஆனார். நடுவர் மேலே எழுப்பும் பந்துக்காக இரு அணியிலும் உயரமான ஒருவர் எம்பிக் குதிப்பாரே, அவர்தான் ரக்மேன்.

மற்ற ரக்மேன்கள் மேலே எழும் பந்தைத் தட்டிவிடுவதோடு சரி. ஃபார்மர் பல தடவை அதைப் பிடித்தே விடுவார். தரையில் கால் படுவதற்குள் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பார்த்து, அவர் கைக்கு முன்னால் பந்து விழும்படி குத்தி அனுப்புவார். ஆள் நிற்கும் இடத்துக்கு அல்ல, ஓடிச் சேரப்போகும் இடத்துக்கு. இதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. நிறுத்தி வைத்த காரின் ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்திப் பழகினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஈஸ்ட் பெர்த் அணியில் 1953 முதல் 1961 வரை ஆடினார், மூன்று கோப்பைகள். 1962-இல் விக்டோரியாவின் ஜீலாங் அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த ஆண்டின் பெரும்பகுதி வீணானது. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஹாதார்ன் அணியை 49 புள்ளி வித்தியாசத்தில் ஜீலாங் வென்றது. ஃபார்மர் குத்தி அனுப்ப, குட்டையான பில் காகின் வாங்கிக்கொண்டு பறப்பது அந்தக் காலத்து ஜீலாங்கின் அடையாளம். 1968-இல் வெஸ்ட் பெர்த் அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாகத் திரும்பி, 1969-இலும் 1971-இலும் கோப்பை வாங்கித் தந்தார்.

பெர்த்தில் அவர் பெயரில் ஒரு விரைவுச்சாலை இருக்கிறது. அதிலுள்ள சுரங்கப்பாதையை ஊர்க்காரர்கள் பாலி பைப் என்கிறார்கள். 2019-இல், 84 வயதில் காலமானார். தலையில் தொடர்ந்து அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்னும் மூளை நோய் அவருக்கு இருந்தது 2020-இல் வெளியானது. அந்த நோய் உறுதிசெய்யப்பட்ட முதல் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) வீரர் அவர்தான்.

அவர் காட்டிய வழியின் பலன் விக்டோரிய லீக்கின் 1970 இறுதிப் போட்டியில் தெரிந்தது. மெல்பர்ன் மைதானத்தில் 1,21,696 பேர். பாதி ஆட்டத்தில் காலிங்வுட் அணியிடம் 44 புள்ளி பின்தங்கிய கார்ல்டன் அணியிடம், பயிற்சியாளர் ரான் பராசி கேட்டது ஹேண்ட்பாலை. கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது.

இனி தமிழ்ச் சொல். என் தேர்வு கைக்குத்து. குத்துச்சண்டையில் இருக்கும் அதே குத்து, கைக்குத்தல் அரிசியில் இருக்கும் அதே கை. விரல்களை மடக்கிக் குத்த வேண்டும் என்ற விதி சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கைத்தட்டு என்று சிலர் எழுதலாம், ஆனால் தட்டு என்றால் திறந்த கை. அதை ரக்மேன் மேலே செய்யும் வேலைக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. குத்துப்பந்து என்பது இன்னொரு விளையாட்டின் பெயர் மாதிரி ஒலிக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

பெயர்ச்சொல்லாகக் கைக்குத்து சரி. வினையாக்கும்போது கைக்குத்தினார் என்பதைவிடக் குத்திக் கொடுத்தார் என்பது வர்ணனைக்குச் சரளமாக வரும்: “ஃபார்மர் பிடித்தார், காகினுக்குக் குத்திக் கொடுத்தார்.” வாங்குபவரைப் பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். “காகின் குத்து வாங்கினார்” என்று எழுதினால் மைதானத்தில் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். பந்து என்ற சொல்லை விடாமல், “குத்திக் கொடுத்த பந்தை வாங்கினார்” என்று எழுத வேண்டும்.